அடுத்த படி

ஆடி, தணிகை மலைமேல் மெல்ல வந்து அமர்ந்திருந்தது. பெய்வதாகப் போக்குக் காட்டிப் பெய்யாத மேகம்; வேப்பிலை மணம் சுமந்து நடக்கும் காற்று; சரவணப் பொய்கையின் நீரில் மஞ்சள் ஆடைகளின் நிழல். கிருத்திகைக்கு இன்னும் நாள் இருந்ததால் படிகளில் நெரிசல் இல்லை.

மோனிகா படிதோறும் குனிந்துகொண்டிருந்தாள். மஞ்சள், குங்குமம், ஒரு பூ. பிறகு அடுத்த படி.

எட்டு வயது. தொடங்கிய எதையும் அவள் முடித்ததில்லை. ஒரு காலில் செருப்பு ஏறினால் மறுகால் நினைவுக்கு வராது. மருத்துவர் அதற்கு ஆட்டிசம் என்றும், ஏடிஎச்டி என்றும் இரண்டு பெயர் சொன்னார்.

தந்தை கோதண்டபாணி ஒரு படி முன்னே. தாய் ரஞ்சிதம் ஒரு படி பின்னே. இந்த ஒரு வேலையையாவது, யாரும் எடுத்துச் சொல்லாமல், அவளே முடிக்க வேண்டும். அவர்கள் வேண்டி வந்தது அவ்வளவே.

கோதண்டபாணி பள்ளிப்பட்டுப் பேருந்தில் நடத்துநர். ஏறு, இறங்கு, உள்ளே போ என்று ஊரையே நடத்திய வாய், வீட்டிலும் ஓய்ந்ததில்லை. பல் தேய், துப்பு, கொப்பளி, துண்டை எடு.

"அவ யோசிக்கிறதுக்குள்ள நீங்க சொல்லிட்றீங்க சார். கொஞ்சம் பேசாம இருந்து பாருங்க, அவளே செய்வா" என்றார் மோனிகாவின் சிறப்புப் பயிற்சி ஆசிரியை பெர்சிஸ்.

முயன்றார். அவள் செருப்பு மாட்டும் நேரம்கூடக் கோதண்டபாணியால் தாங்க முடியவில்லை.

இன்று பேசவில்லை.

பாதி மலையில் ஒரு குரங்கு பூக்கூடையைப் பறித்துக்கொண்டு போயிற்று.

மோனிகா நின்றாள். கைகளை உதறினாள். குரங்கைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். மஞ்சளும் குங்குமமும் பெற்ற படி பூவுக்குக் காத்திருந்தது.

மேலே பூக்கடை உண்டு என்ற சொல் கோதண்டபாணியின் தொண்டை வரை வந்து திரும்பிப் போயிற்று.

நெடுநேரம் கழித்து அவள் தாயிடம் சென்றாள். கூந்தலில் இருந்த கனகாம்பரச் சரத்தை உருவி, ஒரு பூவைக் கிள்ளிப் படியில் வைத்தாள்.

சூடிய பூ. சுவாமிக்கு ஆகாதது.

பின்னால் ஏறி வந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "யோவ், தலையில வச்ச பூவ புள்ள சாமிக்கு வெக்குது, நீ பாத்துகினு நிக்கிற! வாயில இன்னா கொழுக்கட்டையா?"

கோதண்டபாணி திரும்பினார்.

ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிப்பட்டிருந்தது வெள்ளி வேல்.

வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். பெண்ணின் குறை தீர நேர்ந்துகொண்ட அலகு என்று அவர் எண்ணியிருக்கலாம். பெண்ணுக்காக அன்று, தம் நாவை அடக்கக் கோதண்டபாணி நேர்ந்துகொண்டது.

கனகாம்பரம் கடைசிப் படி வரை வந்தது.

அந்தப் படியில் கோதண்டபாணியின் கால் இருந்தது. மோனிகா காத்திருந்தாள். கால் நகரவில்லை. அதன்மேலேயே மஞ்சள் தடவினாள், குங்குமம் இட்டாள், மிஞ்சியிருந்த பூவை வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பக்தியா, வழியில் கால் இருந்ததா, அவளுக்கே வெளிச்சம்.

ரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோதண்டபாணி மகளின் தலையில் கை வைத்து, 'நல்லா இரும்மா' என்று சொல்ல முயன்றார்.

வேல் மட்டும் மெல்ல அசைந்தது.