மழைக்கோட்டு வைத்தியம்

குமுளியில் டூரிஸ்ட் கைடாக இருந்துகொண்டு நானே மழையில் நனைந்தால் யார் மதிப்பார்கள்? என் மழைக்கோட்டு தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்திருந்தது.

“புதுசு வாங்கிருங்க,” என்றாள் என் மனைவி மாரீஸ்வரி, கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டபடி.

“யூடியூப் இருக்கையில புதுசு எதுக்கு?”

காய்ந்ததும் எடுத்து, தண்ணீர் ஒட்டாமலிருக்கும் ஸ்பிரேயை ஒரு இடம் விடாமல் அடித்தேன். மேலே துணி விரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டேன். பிறகு அவளைக் கூப்பிட்டு ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன். முத்து முத்தாக உருண்டு ஓடியது.

“பாத்தியா?”

“பாத்தேன்,” என்றாள்.

மறுநாள் காட்டுக்குள் நல்ல மழை. கூட வந்த எட்டுப் பேரும் நனையாமல் திரும்பினார்கள். நான் மட்டும் தொப்பலாக வீட்டுக்கு வந்தேன்.

“ஸ்பிரே டூப்ளிகேட்,” என்றேன்.

“ஸ்பிரே நல்லதுதான். சாயம் வெளுக்காம இருக்க, எந்தத் துணியையும் நான் உள்பக்கத்த வெளிய திருப்பித்தானே காயப்போடுவேன். நீங்க அப்படியே எடுத்து அடிச்சிட்டீங்க.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நீங்கதான் யூடியூப் பாத்தவராச்சே.”

கோட்டின் மேல் குற்றமில்லை. உள்ளே புகுந்த தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட அது வெளியே விடவில்லை.