அதிகம் ஓடாத வண்டி

காயலான் கடையில் சவரிமுத்து பழைய இன்ஜின்களில் கழற்றிய கிராங்க் ஷாஃப்டுகளில் ஆறாவதையும் தூக்கி, நகத்தால் வருடிப் பார்த்தான். இதிலும் தேய்ந்த கோடுகளில் நகம் இடறியது. இதைப் போட்டால் அவனுடைய வாடகைக் கார் ஒரு மாதம்கூடத் தாங்காது. புதிது வாங்க வழியில்லை. கார் ஓடாமல் வீட்டில் அடுப்பும் எரியாது.

"எல்லாம் கிழடால்லா இருக்கு. அதிகம் ஓடாத வண்டியோடது இல்லியா அண்ணாச்சி?"

கடைக்காரர் சிரித்தார். "அதிகம் ஓடாத வண்டி எதுக்குடே இங்க வருது? வாங்குன புதுசுல எவனாவது லாரியில கொண்டு சொருவுனாத்தான் உண்டு. பொறு. முகூர்த்த மாசம். மழையும் சேந்துட்டுன்னா பைபாஸ் ரோடு நமக்குக் குறை வைக்காது. போன் நம்பர எழுதிட்டுப் போ."

இவனெல்லாம் ஒரு மனுசனா என்று நினைத்துக்கொண்டே சவரிமுத்து எண்ணை எழுதிக் கொடுத்தான்.

இரண்டு நாள் வெயில் அடித்தது. மூன்றாம் நாள் விடியும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தவனுக்கு மனசு லேசானது. எதனால் என்று தெரிந்ததும் வாசலுக்குப் போய்க் காறித் துப்பினான். வாய் கசந்தது. மறுபடியும் துப்பினான்.

பிறகு உள்ளே வந்து, போனைச் சார்ஜில் போட்டான்.