இனிப்பு வந்து அமரும் குழி

புங்குடுதீவின் கடலோர அம்மன் கோவிலில் காலைப் பூசை முடிந்து, மடைப்பள்ளி வாசலில் இளவெயில் படிகிறது. கோவில் பூசகர் கணநாத சர்மாவின் கையில் வாழையிலைத் துண்டு. அதில் அவரே ஆக்கிப் படைத்த சர்க்கரைப் புக்கை, அந்த ஊர்ப் பொங்கல். தொண்டைப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றதிலிருந்து எட்டு மாதமாக அவர் நாவில் இனிப்பு இல்லை. படைக்குமுன் சுவை பார்ப்பது முறையன்று; படைத்தபின் உண்டாலும் அளவு தெரிவதில்லை. ஆதலால் கைக்கணக்கே துணையாகச் சமைத்து வருகிறார். உயிர்வேதியியல் படிக்கும் மகள் சர்மிதா கைபேசியை அவர்முன் பிடிக்கிறாள். திரையில் இரண்டு புரத இழைகள் மடிந்து சுருண்டு, ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. "நாக்கிலை இனிப்பை அறியிற வாங்கி இதுதான், அப்பா. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. இனிப்பு வந்து இந்தக் குழிக்குள்ளை இருந்தவுடனை, குவிச்ச கை மாதிரி மூடும்" என்கிறாள். "அம்மையப்பர் எண்டு சொல்லன். என்ரை வாயிலைதான் நடை சாத்திக் கிடக்கு" என்கிறார் அவர். "கதையை விட்டிட்டு வாயிலை வையுங்கோ." வைக்கிறார். முதலில் நெய்யின் வெதுவெதுப்பு, பின்பு ஏலத்தின் மணம். அதன்பின் நாவின் ஓரத்தில், மணற்கேணியில் நீர் கசிவதுபோல், இனிப்பு ஊறுகிறது. கண்கள் நிறைகின்றன. "சர்க்கரை நல்லாக் கூடிப்போச்சு, பிள்ளை! எட்டு மாசமும் அம்பாள் ஒரு சொல்லும் சொல்லேல்லையே!" "ஊரும்தான் சொல்லேல்லை" என்று மகள் சிரிக்கிறாள். எச்சில் கை என்பதையும் மறந்து அவர் கருவறை நோக்கிக் கும்பிடுகிறார். பிறகு மெல்லத் திரும்பி, ஊர் இருக்கும் திசையையும் கும்பிடுகிறார்.