முடி காணிக்கை

கதவைத் திறந்த டீச்சர் கைப்பிடியை விடவில்லை.

வாசலில் எதிர்வீட்டுச் செண்பகம். மொட்டைத் தலை. பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

திருச்செந்தூரிலிருந்து நேராக வருகிறாள்.

ஒன்பது வருடப் பழக்கம்.

வலிந்து பேசக் கூடாது, மனசாரப் பழகினால் போதும், ஏற்ற வேளையை ஆண்டவர் தருவார் என்றுதான் டீச்சர் இருந்தாள். கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் தட்டு செண்பகத்துக்குப் போகும். செண்பகத்தின் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். செண்பகத்தின் மாமியார் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி ஊட்டினாள்.

ஒருமுறை புதிய ஏற்பாடு கொடுத்தாள்.

மறுவாரம் அது பூஜை அலமாரியில் இருந்தது. அட்டையில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஆண்டவரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில். "எல்லாம் ஒண்ணுதானே டீச்சர்."

அதற்கு மேல் எங்கே போவது?

ஜெபக் கூட்டத்துப் பெண்கள் செண்பகம் மனந்திரும்பினாளா என்று விசாரிப்பதையே விட்டுவிட்டார்கள். விசாரித்த நாட்களில்கூட இவ்வளவு வலிக்கவில்லை.

இந்த மாதம் வழி திறந்ததாக நினைத்தாள். தன் கணவருக்கு இருதய ஆபரேஷன். கஷ்டம் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். பன்னிரண்டு நாள் உபவாசமிருந்து ஜெபித்தாள். நேற்று அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குள் வந்தார்.

இன்று இதைச் செண்பகத்திடம் சாட்சியாகச் சொல்லிவிடுவது. இதைவிட ஒரு சந்தர்ப்பம் வருமா?

"பாத்தியளா டீச்சர்," என்றாள் செண்பகம். முகமெல்லாம் சிரிப்பு. "சாரை முருகன் கைவிடலை."

சாருக்காக நேர்ந்துகொண்டாளாம்.

முழங்காலைத் தொடும் முடி. தெருவே கண்வைத்த முடி.

எரிச்சல்தான் முதலில் வந்தது. இந்தச் சாட்சியையும் பறித்துக்கொண்டாளே!

பிறகுதான் அந்தத் தலையைச் சரியாகப் பார்த்தாள். காதோரம் கத்தி கீறிய இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது.

செண்பகம் திருநீறு மடித்த பன்னீர் இலையை நீட்டினாள். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பூச மாட்டிய. தெரியும். நீங்க உங்க ஜெபத்தச் சொல்லுங்க டீச்சர், நானும் கூட நிக்கேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சார் படுத்திருந்த கட்டிலருகே போய் நின்றாள். சர்ச்சுக்குப் போகும் கிறிஸ்தவப் பெண்களைப் பார்த்திருக்கிறாள் போலும், முந்தானையை மொட்டைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் எதிரே வந்து நின்றாள்.

"ஆண்டவரே..."

முந்தானை விளிம்பில் அந்தக் காதோரக் கீறல் தெரிந்தது.

கண்களை மூடியபடி செண்பகம் காத்திருந்தாள்.