விட்டு விட்டு வரும் நெட்

என் கணவர் மறுபடியும் ஸ்டூல் மேல் ஏறிவிட்டார்.

ஃபிரிட்ஜ் மேல் இருந்த ரவுட்டரை எடுத்து அலமாரி உச்சியில் வைத்தார். இறங்கினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்ப ஏறினார்.

பல்பு மாற்றக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனுஷர். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரி செய்துவிட்டு வருகிறவர், வீட்டில் ஓர் ஆணி அடித்ததில்லை. இப்போது கடையில் கண்ணாடிக் காதுக்குத் திருகு முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு, ராக்கெட் விடப்போகிறவர் மாதிரி நிற்கிறார்.

எல்லாம் அந்த அப்டேட் வந்ததிலிருந்துதான். நாங்கள் தூங்கும்போது ரவுட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதாம். விடிந்து பார்த்தால் பச்சை விளக்கு சிவப்பாகிறது, சிவப்பு பச்சையாகிறது. நெட் விட்டு விட்டு வர ஆரம்பித்தது.

கம்பெனிக்கு ஃபோன் போட்டார். அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். போட்டார். பின்பக்கத் துளையில் ஊசியால் குத்தச் சொன்னார்கள். குத்தினார். பாஸ்வேர்டு போனதுதான் மிச்சம். புது ஒயர் வாங்கினார். கடையில் கூட வேலை பார்ப்பவர் வைஃபை சேனலை மாற்றச் சொன்னார் என்று அதையும் மாற்றினார்.

வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மகள் வந்திருந்தாள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு, மாப்பிள்ளை இல்லாமல் வந்தவள். அந்த ஒரு வாரம் முடிந்துவிட்டது. திரும்பிப் போவதைப் பற்றி அவள் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

தினமும் சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாப்பிள்ளையை வீடியோவில் கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் கேட்கும். சண்டை என்றால் கத்தலாம், சமாதானம் என்றால் சிரிக்கலாம். இது இரண்டிலும் சேர்த்தியில்லை. அப்புறம் அதுவும் நின்றுவிடும். வெளியே வந்து, நெட் போயிடுச்சு என்பாள். அவர் உடனே ஸ்டூலை இழுப்பார்.

அவள் கூப்பிடும் நேரத்துக்குச் சரியாகக் கடையிலிருந்து வந்துவிடுவார். சட்டையைக்கூட மாற்றாமல் ரவுட்டர் பக்கத்தில் காவல் இருப்பார்.

புருஷனும் பெண்டாட்டியும் மனசு விட்டுப் பேச வேண்டிய நேரத்தில் பாழாய்ப்போன ஒரு டப்பா குறுக்கே நிற்கிறதே என்று எனக்கு வயிறு எரியும். தெரிந்த ஆளை வைத்துச் சரி செய்யுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நானே பார்த்துக்கொள்கிறேன் என்பதைத் தவிர அவரிடமிருந்து வேறு பதில் இல்லை.

இன்றைக்கும் கதவு சாத்தியாயிற்று.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த மேடையையே துடைத்தேன். அடுக்கிய தட்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள். எப்போதும் ஃபோனில் பேசுகிறவள், முட்டி வீக்கத்தை எனக்குக் காட்டுவதற்காகவே வீடியோவில் வந்திருந்தாள். டேப்லெட்டைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து 'ம்' கொட்டினேன். அக்காவுக்கு 'ம்' போதும். என் காது மட்டும் அந்த அறைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மகளின் குரல் இன்று வழக்கத்தைவிட நிதானமாக இருந்தது. ஏதோ கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். அதையே திரும்பக் கேட்டாள்.

பிறகு 'ஹலோ' என்றாள். கொஞ்சம் விட்டு இன்னொரு 'ஹலோ'.

கதவு திறந்தது.

"அப்பா, மறுபடியும் போயிடுச்சு."

"ஆமாம்மா, நானும் பார்த்துட்டேதான் இருந்தேன். சிவப்பு எரிஞ்சுது. சனியன் பிடிச்ச டப்பா."

ஸ்டூல் இழுபடும் சத்தம். மகள் அறைக்குள் திரும்பிப் போனாள்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அவர் மேல் பாயக் கிளம்பினேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

முதுகுக்குப் பின்னால் அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். முட்டிக்குத் தடவிய தைலம் எப்படி எரிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. ஆரம்பித்ததிலிருந்து ஒரு முறைகூட அவள் படம் சிக்கி நிற்கவில்லை.

அலமாரியை அண்ணாந்து பார்த்தேன். விளக்கு பச்சையாக, இமைக்காமல் எரிந்தது.

அவர் ஸ்டூல் மேலிருந்தே என்னைப் பார்த்தார். அறைக் கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை இன்னொரு அப்டேட் வந்துச்சு. அன்னைக்கே சரியாயிடுச்சு."

இன்று ஞாயிறு. அப்படியென்றால் பேச்சை அறுத்தது எங்கள் வீட்டு டப்பா இல்லை.

அவ்வளவு நாளும் என் வாயிலிருந்து விழுந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, இந்த மனுஷர் ஸ்டூலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அறையிலிருந்து மகள் குரல் வந்தது.

"அம்மா, அங்க உனக்கு நெட் வருதா?"

சமையல் மேடையில் அக்கா, எங்கே போய்த் தொலைந்தாய் என்று என்னைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

ஓடிப்போய், அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே டேப்லெட்டின் பொத்தானை அழுத்தி அணைத்தேன்.

"இல்லம்மா," என்றேன். "இங்கயும் போயிடுச்சு."