சாயக் கொப்பரை

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே மாலை வெயில் காரின் மேல் புள்ளி புள்ளியாக விழுகிறது. காற்றாலேயே குளிரும் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, குளிரத் தண்ணீர் கேட்கும் வேறொன்றைக் கலியன் பின்பக்கம் பொருத்தியிருக்கிறான். முன்பக்கம் ரேடியேட்டர். அதன் தண்ணீர்த் தொட்டி, அவன் மனைவி அங்கம்மாள் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் செம்புக் கொப்பரையை வெட்டித் தட்டிச் செய்தது. வீட்டில் இருந்த ஒரே கொப்பரை. "வண்டி ஓடிச்சின்னா நீ இன்னாத்துக்கும்மா அடுப்புல வேகணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினான். இப்போது ஸ்டியரிங் முன் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்புகிறான். தரை அதிர்கிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சூடேறுகிறது. "ஒழுவுதா பாரு!" அங்கம்மாள் குனிகிறாள். தொட்டியின் பற்றவைத்த ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுகிறது. பின்னாலேயே இன்னொன்று. "செவப்பா வருதுயா." "துருதாம்மா அது. நின்னுடும்." அவள் உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டை ஏந்தி, தோய்த்த நூலைப் பார்ப்பதுபோல வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். துரு இல்லை. அரக்கு. கடைசியாக அவள் தோய்த்த நிறம், செம்பின் மடிப்பில் தங்கியிருந்து, வெந்நீரில் கரைந்து வெளியே வருகிறது. சொட்டுகள் நெருங்கி விழத் தொடங்குகின்றன. "நின்னுடுச்சா?" என்று கலியன் கத்துகிறான். அந்தக் குரலில் இருக்கும் ஆசையை அவளால் தாங்க முடியவில்லை. "நின்னுடும்யா, நின்னுடும்," என்கிறாள். சூட்டில் விரல்கள் மடங்குகின்றன; ஒழுகும் இடத்தின் அடியிலிருந்து கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.