கப்பல் கேப்டனின் மீசை

"மீசையைக் கொஞ்சம் கத்தரிச்சுக்கோங்க, மெர்வின். மேல் உதடே தெரியலை."

மெர்வினுக்குப் பகீரென்றது. ஆறு மாதமாக எண்ணெய் தடவிச் சீவி வளர்த்த மீசை. சனிக்கிழமை அரங்கேறும் நாடகத்தில் அவர்தான் கப்பல் கேப்டன்.

"ஏம்மா நரெல், கலைக்கூடத்தைத்தானே சோதிக்க வந்தீங்க? என் மூஞ்சியையுமா?"

"நீங்கதானே கதாநாயகன்? அப்ப மூஞ்சியும் கலைக்கூடத்தோட சேர்ந்ததுதான்."

துறைமுகத்துக்கு மேலே மேட்டுத் தெருவில் இருந்த பழைய கம்பளிக் கிடங்கு அது. கலைக்கூடமாகிப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. மெர்வின்தான் தலைவர். இப்போது புதுப்பித்திருந்தார்கள். எல்லோரும் வந்து போகத் தோதாக இருக்கிறது என்று கையெழுத்துக் கிடைத்தால்தான் மறுபடி கதவைத் திறக்க முடியும். அதற்காகத்தான் நரெலும் டெஸ்ஸும் வந்திருந்தார்கள். 'வருகிறவர்களில் ஒருவருக்குக் காது கேட்காது' என்று முன்கூட்டியே கடிதம் வந்திருந்தது.

அது யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாக மெர்வினுக்குத் தோன்றவில்லை. நரெல், காரை விட்டு இறங்கியதிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். டெஸ் வாயே திறக்கவில்லை. அவர் பேசும்போதெல்லாம் அவள் கைகள் மட்டும் காற்றில் ஓடின.

"டெ...ஸ்! டீ... வே...ணு...மா?" என்று கூரை அதிரக் கேட்டார்.

டெஸ் திடுக்கிட்டுத் தலையாட்டினாள்.

"ஒரு கப் டீக்கு இவ்வளவு பெரிய வாயா!" என்று நரெல் சிரித்தாள். "அப்புறம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிக்காதீங்க. முகம் இருட்டா இருக்கு. இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. ஆங், இப்ப பரவாயில்லை, அழகாவே இருக்கீங்க."

மெர்வின் முறைத்துக்கொண்டே நகர்ந்தார்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தில் குறை இல்லை. கழிப்பறைக் கதவின் அகலமும் சரி. மேடைக்கு வந்ததும் நரெல் மூலையைக் காட்டினாள்.

"அந்தப் பெட்டியில என்ன?"

"வசனம் ஓடுற திரை. பேசப் பேச எழுத்தா வரும். வாங்கியாச்சு, ஆனா மாட்டலை."

"ஏன்?"

"அதை மாட்டினா சனங்க அதையே பார்த்துக்கிட்டிருப்பாங்க. நான் நடிக்கிறதை யார் பார்ப்பா?"

"உங்க ஒத்திகையைப் பார்த்தவங்ககிட்ட விசாரிச்சேன். அதனாலதான் திரை கண்டிப்பா வேணும்ங்கிறேன்."

சர்க்கரை எடுக்கிற சாக்கில் மெர்வின் அலமாரிப் பக்கம் திரும்பினார். அங்கே நின்ற டெஸ்ஸைத் தாண்டிக் கையை நீட்டியபடி முணுமுணுத்தார். "அம்மாடி, என்ன வாய்! இவளைக் கட்டினவன் எந்தக் காட்டுக்கு ஓடினானோ!"

டெஸ்ஸின் கைகள் அசைந்தன. முதுகுக்குப் பின்னாலிருந்து நரெலின் குரல் வந்தது.

"காட்டுக்கு இல்லை மெர்வின், மீன் பிடிக்கப் போயிருக்கார். ஞாயித்துக்கிழமை திரும்பிடுவார்."

சரியான பாம்புச் செவி என்று நினைத்துக்கொண்டார் மெர்வின். கோபம் வந்தது.

"இதோ பாருங்க தாயே. சாய்தளம் கட்டினேன், கதவை இடிச்சு அகலப்படுத்தினேன். யாரோ ஒருத்தருக்காகத் திரையும் மாட்டணுமா?"

நரெலின் சிரிப்பு நின்றது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா. மாசம் தவறாம நாடகம் பார்த்தவ. ஒரு காய்ச்சல்ல காது போச்சு. அதுக்கப்புறமும் ஒரு தடவை போனா. எல்லாரும் சிரிச்சாங்க. இவளும் சிரிச்சா, எதுக்குன்னு தெரியாமலே. அன்னிக்கோட நாடகத்துக்குப் போறதையே விட்டுட்டா. ஒன்பது வருஷமாச்சு."

மெர்வின் டெஸ்ஸைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் ஏணியைத் தூக்கிவந்தார்.

திரையை மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பெண்டாட்டிக்குப் பயந்து கடலுக்கு ஓடிய கேப்டனின் காட்சியை, தொப்பியும் மைக்கும் மாட்டிக்கொண்டு முழுதாக நடித்துக் காட்டினார். அவர் பேசப் பேச மேலே எழுத்துகள் ஓடின. முன் வரிசையில் நரெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

டெஸ்ஸோ திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக்கைத் தின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெர்வினுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைக் கழற்றிவிட்டு இறங்கி, நரெலின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அவள் மடியிலிருந்த படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்து விழுந்திருந்தது.

"நரெல், நல்லா இருக்கே இது! யாருக்காக ஏணியில ஏறினேனோ, அவங்க ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையே!"

நரெல் அசையவில்லை. திரையில் நின்ற கடைசி வரியையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நரெல், உங்களைத்தான்!"

டெஸ் உதட்டிலிருந்த தேங்காய்த் துருவலைத் துடைத்துக்கொண்டு, அன்று முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"எவ்வளவு கத்தினாலும் அவ திரும்ப மாட்டா, மெர்வின். நான் சும்மா சைகையில மொழிபெயர்க்க வந்தவ. காது கேட்காதது அவளுக்கு."